கேத்தி டிரெய்லருக்கு மலை தாங்கும் பிரேக்

கோத்தகிரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கேரட் இந்தப் போகம் நன்றாக இறங்கியிருக்கிறது என்று படித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது. இங்கே மூன்று நாளாக மேகம் தரையோடு கிடக்கிறது. ஐப்பசி மழை வலுக்கும் முன் உன் டிராக்டர் டிரெய்லரின் பிரேக் வேலையை முடித்துவிடு. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

ஏற்றத்தில் சும்மா வருகிறது, இறக்கத்தில் ஒரு சக்கரம் மட்டும் புகைகிறது என்று எழுதியிருக்கிறாய். கொக்கித் தலையில் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நழுவுகிறது என்றால் அது ஓவர்ரன் பிரேக். டிராக்டர் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளல் இரும்பு ராடு வழியாகப் போய், சக்கரத்தோடு சுழலும் டிரம் என்ற இரும்புக் கிண்ணத்துக்குள் இருக்கும் ஷூ என்ற பிரேக் கட்டைகளை விரித்து உரச வைக்கும். சமவெளியில் வேகத்தைக் குறைக்கும் நேரத்தில் மட்டும் இது வேலை செய்யும். நம் ஊர் இறக்கத்தில் நீ டிராக்டரை இரண்டாம் கியரில் போட்டு, பெடலைத் தொடாமல் எஞ்சின் பிடியிலேயே இறங்கினாலும், டிரெய்லர் வழி நெடுக டிராக்டரைத் தள்ளிக்கொண்டேதான் வரும். அதன் பிரேக்கும் வழி நெடுக உரசிக்கொண்டே வரும். கால் வைக்கவில்லையே, பிறகு ஏன் சுடுகிறது என்று பலர் குழம்புவது இதனால்தான்.

மேட்டுப்பாளையம் வரை இறக்கலாமா என்று கேட்டாயே, கணக்கு போட்டுப் பார். குன்னூர் சுமார் 1850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டருக்குச் சற்று மேல். சுமையோடு 3 டன் எடை 1500 மீட்டர் இறங்கினால் 44 மெகாஜூல் வெப்பம் எங்காவது போயாக வேண்டும். 20 டிகிரியில் இருக்கும் 130 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். எஞ்சினும் காற்றும் பாதியை எடுத்துக்கொண்டாலும் மீதி உன் இரண்டு டிரம்முக்குத்தான். ஷூ மேல் பதித்த உரசும் பட்டையான லைனர், கிரீஸ், பேரிங் எதை வாங்கினாலும் இந்தச் சூட்டை மனதில் வைத்து வாங்கு.

கழற்றும்போது முதலில் டயர் தரையில் இருக்கையிலேயே வீல் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்து. பழைய ஜீப் அச்சு போட்ட டிரெய்லராக இருந்தால் இடதுபக்க நட்டு இடப்புரியாக, அதாவது எதிர்த் திசையில் கழல்வதாக, இருக்கலாம். பலத்தைப் போட்டு ஸ்டட்டை முறித்துவிடாதே. இன்னொரு சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, அச்சுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடாதே. டிரம் வரவில்லை என்றால் ஷூவின் இடைவெளியை மாற்றும் அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்து. டிரம் விளிம்பில் தேயாத வளையம் ஒன்று நின்றிருக்கும், ஷூ அதில் மாட்டிக்கொள்ளும். மரச் சுத்தியால் சுற்றிலும் தட்டினால் வந்துவிடும். கடப்பாறை போட்டு நெம்பினால் பின் தட்டு வளைந்து, பிறகு ஷூ நேராக உட்காரவே உட்காராது. உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதே. பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து, துணியையும் பையில் கட்டி எறி.

ஒரு பக்கம் மட்டும் புகைவதற்கு என் யூகம், ஷூவை விரிக்கும் அந்தப் பக்கக் கேம் ஷாஃப்ட், அது சுழலும் புஷ் வளையத்தில் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. பிடித்த ஷூ திரும்பி வராது. ஷாஃப்டை உருவி, எமரி தாளால் மினுக்கி, புஷ் தேய்ந்திருந்தால் புதிய கன்மெட்டல் புஷ் அடி. கிரீஸ் விரல் நுனி அளவு போதும். அதிகம் வைத்தால் சூட்டில் உருகி லைனர் மேல்தான் வழியும். ரிட்டர்ன் ஸ்பிரிங் நீலம் பாய்ந்தோ சுருள்களுக்கு இடையே இடைவெளி விழுந்தோ இருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்று.

லைனர்தான் உயிர். ரிவெட் தலைக்கு மேல் 1 மில்லிமீட்டர்கூட மீதி இல்லை என்றால் மாற்றியே ஆக வேண்டும். கிரீஸ் குடித்த லைனரைப் பெட்ரோலில் கழுவி, தீயில் வாட்டித் திருப்பிப் போடுவார்கள். நீ அதைச் செய்யாதே. மேலே காய்ந்தது போல் தெரியும். முதல் நீள இறக்கத்தில் உள்ளே இருக்கும் எண்ணெய் மறுபடி மேலே வரும். மாற்றுவதென்றால் நான்கு ஷூவும் ஒரே ரகமாக மாற்று. ஒரு பக்கம் புதுசும் மறுபக்கம் பழசும் இருந்தால் கொண்டை ஊசி வளைவில் டிரெய்லர் ஒரு பக்கமாக இழுக்கும். ரிவெட்டை நடுவில் தொடங்கி ஓரத்துக்கு அடித்துக்கொண்டு போகச் சொல். ஓரங்களை முதலில் அடித்தால் நடுவில் லைனர் தூக்கி நிற்கும், சூட்டில் விரியும். பிறகு டிரம்முக்குள் சாக்பீஸ் தடவி, ஷூவை வைத்து உரசிப் பார். வெள்ளை நடுப்பகுதியில் ஒட்ட வேண்டும். நுனியில் மட்டும் ஒட்டினால் பிரேக் வெடுக்கென்று கவ்வும், அங்கே கொஞ்சம் அரத்தால் ராவு.

டிரம்மில் மயிரிழை போல் மேலோட்டமான சூட்டு வெடிப்பு இருந்தால் லேத்தில் கடைந்தால் போய்விடும். விளிம்பு வரை ஓடும் வெடிப்பு என்றால் பழைய இரும்புக்குப் போட்டுவிடு, வெல்டிங் வைக்காதே. டிரம்மில் அதிகபட்ச உள்விட்டம் வார்த்திருந்தால் அதைத் தாண்டிக் கடையக் கூடாது. மலைக்கு இது இரண்டு மடங்கு முக்கியம். டிரம் மெலிந்தால் சூட்டைத் தாங்கும் இரும்பு குறைகிறது, சீக்கிரமே விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது.

பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பார். உருளையில் குழி, நீல நிறம், கப்பில் வரிசையாகத் தழும்பு, இதில் ஒன்று இருந்தாலும் கப் என்ற வெளி வளையமும் கோன் என்ற உள் வளையமும் ஜோடியாக மாற்ற வேண்டும். கோனை மட்டும் மாற்றினால் பழைய கப்பின் தழும்பு புதுசையும் தின்றுவிடும். கிரீஸ் லித்தியம் வகையாக இருக்கட்டும், லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. மலிவான கால்சியம் கிரீஸ் 100 டிகிரி பக்கத்திலேயே இளகிவிடும். சாதா லித்தியம் 180 பக்கத்தில்தான் இளகும். பழைய கிரீஸை முழுக்கத் துடைத்து எடு, ஒன்றோடொன்று கலக்காதே. உருளைகளுக்கு நடுவே கிரீஸ் மறுபக்கம் பிதுங்கி வரும் வரை உள்ளங்கையில் அழுத்தி ஏற்று. சக்கரத்தின் நடுவில் பேரிங் உட்காரும் ஹப் குழியில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஆயில் சீல் ஒவ்வொரு முறையும் புதுசு, ஸ்பிரிங் உள்ள உதடு கிரீஸ் பக்கம் பார்க்க வேண்டும்.

அச்சு முனையில் உள்ள நட்டை முடுக்கும்போது ஹப்பைச் சுற்றிக்கொண்டே லேசாக இறுகும் வரை முடுக்கு. பிறகு ஆறில் ஒரு சுற்றிலிருந்து கால் சுற்று வரை தளர்த்தி, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் துளை நேராகும் இடத்தில் நிறுத்து. டயர் மாட்டி மேலும் கீழும் ஆட்டினால் உணர்ந்தும் உணராத ஆட்டம் இருக்க வேண்டும். இறுக்கமாக விட்டால் பேரிங் எரியும், அதிக ஆட்டம் சீலைத் தின்னும். புதுக் காட்டர் பின் போட மறந்துவிடாதே.

ரிம் ஸ்டட் துளை முட்டை வடிவமாகியிருந்தாலோ துளையைச் சுற்றி வெடிப்பு இருந்தாலோ அந்த ரிம் வேண்டாம். துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்து ரெட் ஆக்சைடு அடி. ஆனால் டிரம்மோடு ஒட்டும் முகத்திலும் நட்டு உட்காரும் இடத்திலும் பெயிண்ட் கூடாது. அந்தப் பெயிண்ட் நசுங்கிய பிறகுதான் நட்டு தளர்கிறது. முடுக்கும்போது எதிரெதிராக முடுக்கு. 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார். டயரைத் தனி வளையம் பிடித்திருக்கும் லாக் ரிங் வைத்த ரிம் என்றால் காற்றை முழுக்க இறக்காமல் நட்டைத் தொடாதே. டயர் பக்கத்தில் உள்ள நான்கு எண்ணைப் படி: 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது.

பிரேக் செட்டிங்கைச் சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும். ஷூ அட்ஜஸ்டரைச் சக்கரம் நிற்கும் வரை ஏற்றி, தாராளமாகச் சுற்றும் வரை இறக்கு. இரண்டு பக்கமும் முடிந்த பிறகே ராடின் தளர்வை எடு, நடுவில் உள்ள சமன் பட்டை நேர் குறுக்காக நிற்க வேண்டும். தேய்ந்த ஷூவின் இடைவெளியை ராடை முடுக்கிச் சரிசெய்தால் கேம் புரண்டு, பிரேக் பிடித்தபடியே நின்றுவிடும். கொக்கி ஷாஃப்டுக்குக் கிரீஸ் அடி. அது திக்கித் திக்கி நழுவினால் மற்ற வேலை எல்லாம் வீண்.

முதல் சில நாள் உன் தோட்டத்துப் பாதையில் பாதிச் சுமையோடு ஓட்டி ஷூவைப் பதிய விடு. நிறுத்தியதும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு பார். டிரம்மைவிட ஹப் அதிகம் சுட்டால் பேரிங், ஒரு டிரம் மட்டும் சுட்டால் செட்டிங். சுடுகிறதே என்று தண்ணீர் ஊற்றாதே, வார்ப்பிரும்பு வெடித்துவிடும். ஷெட்டில் விடும்போது கைப் பிரேக் போடாமல் கட்டை கொடு; இந்த ஈரத்தில் லைனர் ஒரே இரவில் டிரம்மோடு ஒட்டிக்கொள்கிறது. ஏற்றத்தில் நின்றால் இந்த வகைப் பிரேக் தானாகவே விட்டுவிடும் என்பதால் கட்டை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

இனி மேட்டுப்பாளையம் கேள்விக்கு வருகிறேன். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் முழுச் சுமையோடு அந்த 14 கொண்டை ஊசியையும் ஓவர்ரன் பிரேக்கில் இறங்க நான் சம்மதிக்க மாட்டேன். வயலில் இருந்து கேரட் கழுவும் இடம் வரை டிரெய்லர், அங்கிருந்து லாரி. டிரம்மை லேத்துக்குக் கொடுக்கும் முன் உள்விட்டத்தை மூன்று இடத்தில் அளந்து, லைனரின் அகலத்தையும் சேர்த்து எழுது. அதற்குப் பொருந்தும் லைனரை இங்கே விசாரித்து வைக்கிறேன். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் சிநேகிதன்