பசுங்கணிகம் கைவிடாத டி.என்.ஏ

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. முட்டிவலி தணிந்து மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்றதும் நிம்மதி. எனக்கும் கண் அறுவை முடிந்து, பொடி எழுத்துகூடத் தெரிகிறது. உன் மகள் தாவரவியல் முதுகலையில் சேர்ந்ததில் இரட்டிப்பு சந்தோஷம்.

அவள் உன்னை மடக்கிய கேள்விக்கு வருகிறேன். உட்கருவில் அவ்வளவு டி.என்.ஏ இருக்கும்போது, செடியின் செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடத்தும் பசுங்கணிகத்துக்குத் தனியாக எதற்கு? அது ஒரு காலத்தில் தனி உயிர், அவ்வளவுதான். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஒரு செல், ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாவான சயனோபாக்டீரியா ஒன்றை விழுங்கிச் செரிக்காமல் வைத்துக்கொண்டது. ரஷ்ய உயிரியலாளர் மெரஷ்கோவ்ஸ்கி 1905-லேயே ஏறக்குறைய இதைச் சொல்லிவிட்டார். ஆனால் பசுங்கணிகத்துக்குள் டி.என்.ஏ இருப்பதை ரிஸ், பிளாட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்ட 1962 ஆயிற்று.

சுதந்திரமாகத் திரியும் சயனோபாக்டீரியாவுக்கு ஆயிரக்கணக்கில் மரபணுக்கள். 1986-ல் புகையிலைப் பசுங்கணிகத்தின் டி.என்.ஏ-வை முழுதாகப் படித்தபோது ஏறத்தாழ 1,56,000 கார இணைகள் (டி.என்.ஏ-வின் எழுத்துகள்), நூற்றுச்சொச்சம் மரபணுக்கள்தான் இருந்தன. மிச்சத்தில் பல தொலைந்தன, பல உட்கருவுக்குக் குடிபெயர்ந்தன. ஒளிச்சேர்க்கையில் கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதியான ரூபிஸ்கோவைப் பார்: பெரிய துண்டுக்கான மரபணு பசுங்கணிகத்தில், சின்னத் துண்டுக்கானது உட்கருவில். சின்னதை வெளியே செய்து, இரண்டு சவ்வு தாண்டி உள்ளே கொண்டுவந்து, எட்டுக்கு எட்டாகச் சேர்த்தால்தான் நொதி வேலை செய்யும். எந்தப் பொறியாளரும் இப்படித் திட்டம் போடமாட்டார்!

பாடநூல் பசுங்கணிக டி.என்.ஏ-வை வட்டமாக வரைகிறது. மக்காச்சோளத்தில் பார்த்தால் பெரும்பகுதி நீளமாக, கிளைவிட்டுக் கிடக்கிறது. ஒரே பசுங்கணிகத்தில் பல பிரதிகள், புரதத்தோடு சின்னச் சின்ன முடிச்சுகளாக.

இந்தக் குடிபெயர்வு பழங்கதை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 2003-ல் புகையிலையின் பசுங்கணிகத்தில், எங்கே போகிறது என்று தடம் பார்க்க அடையாள மரபணு ஒன்றைச் செருகி, அந்தச் செடியின் மகரந்தத்தைச் சாதாரணச் செடியில் தூவினார்கள். சுமார் 16,000 துகள்களில் ஒன்றில் அந்த மரபணு உட்கருவுக்குப் போயிருந்தது. போவது இவ்வளவு சுலபம் என்றால் அந்த நூற்றுச்சொச்சம் ஏன் நகரவில்லை? ஒளி ஏறி இறங்கும்போது சட்டென்று சரிசெய்ய, மரபணு பக்கத்திலேயே வேண்டும் என்கிறார் ஜான் ஆலன் என்ற உயிரியலாளர். எனக்கு அது பிடிக்கும், ஆனால் முழு விடை இல்லை. ஒளிச்சேர்க்கையையே கைவிட்ட எபிஃபேகஸ் என்ற ஒட்டுண்ணிச் செடிகூட 70,000 கார இணைகளை விடாமல் வைத்திருக்கிறதே! அதை ஏன் என்று அவளிடம் கேள். அவள் சொல்வதை அப்படியே எனக்கு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்