கவுன்சில் வரி நிலுவையைப் பெய்லிஃபிடமிருந்து திரும்பப் பெறக் கோரும் மனு

திகதி: 12 பெப்ரவரி 2024

அனுப்புநர்:
(பெயர், முகவரி, கவுன்சில் வரிக் கணக்கு எண் தனித்தாளில் உள்ளன)

பெறுநர்:
கவுன்சில் வரி அறவீட்டுப் பிரிவின் தலைவர் அவர்கள்,
நகரசபை அலுவலகம், இலண்டன்

பொருள்: 2023-24ஆம் ஆண்டுக்கான என் கவுன்சில் வரி நிலுவையைப் பெய்லிஃப் நிறுவனத்திடமிருந்து (நிலுவையை அறவிட வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனம்) திரும்ப எடுத்து, அவர்கள் சேர்த்த கட்டணங்களை நீக்கி, தவணை முறையில் கட்ட அனுமதிப்பது தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

இந்த மனுவைத் தமிழில் எழுதுகிறேன். எனக்குச் சொல்ல வேண்டியதை முழுதாகச் சொல்லத் தெரிந்த மொழி இதுதான். ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றையும் இணைத்திருக்கிறேன். அதைச் செய்து தந்தவர் ஒரு தொண்டர். என் மகனிடம் இதைக் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்த மனு.

எனக்கு 53 வயது. சொந்த ஊர் வடமராட்சி. 2001இல் இந்த நாட்டுக்கு வந்தேன். முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை செய்கிறேன். மீதி நேரத்தில் வீட்டில் சேலைச் சட்டை தைத்துக் கொடுக்கிறேன். மகள் வேறு நகரத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். வீட்டில் நானும் மகனும் மட்டும்.

என் கணவர் 2023 பெப்ரவரியில் திடீரென்று காலமானார். வீட்டுக்கு வரும் கடிதங்கள் எல்லாவற்றையும் அவர்தான் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேசையில் பரப்பி வைத்து, கட்ட வேண்டியதைக் கட்டி, மற்றதைக் கோப்பில் போடுவார். கவுன்சில் வரி அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து டைரக்ட் டெபிட்டில் தானாகவே போய்க்கொண்டிருந்தது. அவர் இறந்ததும் வங்கி அந்தக் கணக்கை மூடியது. அதோடு வரியும் நின்றுபோகும் என்பது எனக்குத் தெரியாது. இறப்பைப் பதிவு செய்தபோது அரச அலுவலகங்களுக்கெல்லாம் தாங்களே அறிவித்துவிடுவதாகப் பதிவாளர் சொன்னார். அப்படியென்றால் எல்லாம் சரி, யாரும் கேட்டால் சொல்வார்கள் என்று இருந்துவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த வாரத்தில்தான் புதிய ஆண்டுக்கான பில் என் பெயருக்கு வந்திருக்கிறது. தனி ஆளுக்கான 25 வீதக் கழிவும் கொடுத்து, 1,240 பவுண். அந்தக் கழிவுக்கு நன்றி. ஆனால் அந்தக் கடிதத்தை நான் திறக்கவில்லை. அதை மறைக்க மாட்டேன். அந்த மாதங்களில் வங்கி, ஓய்வூதியம், வாடகை, வைத்தியசாலை என்று கடிதங்கள் வந்தபடி இருந்தன. ஒன்றைத் திறந்தால் இரவெல்லாம் நித்திரை இல்லை. எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடி வைத்தேன்.

22 வருடம் இங்கே இருந்தும் ஆங்கிலம் வராதா என்று நீங்கள் கேட்கலாம். குசினியில் கதைக்கிற அளவு ஆங்கிலம் எனக்கு வரும். யாருக்கு உப்புக் குறைவு, யாருக்கு மசித்த சாப்பாடு என்பதெல்லாம் ஆங்கிலத்தில்தான் செய்கிறேன். லயபிலிட்டி ஓர்டர் (இந்த வரியைக் கட்ட வேண்டியவர் இவர் என்ற நீதிமன்ற உத்தரவு) என்று எழுதியிருக்கிற கடிதத்தின் ஆங்கிலம் வேறு.

டின்னுக்குள் இருந்த கடிதங்களைப் பின்னர் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அலுவலகத்தில் திகதிப்படி அடுக்கினார்கள். மே மாதம் நினைவூட்டல். ஏழு நாளுக்குள் கட்டாமல் விட்டு, இன்னும் ஏழு நாள் போனதும் மாதத் தவணை உரிமை போய், ஆண்டுத் தொகை முழுவதும் ஒரேயடியாகக் கேட்கப்பட்டது. ஜூலையில் நீதவான் நீதிமன்ற அழைப்பாணை. ஓகஸ்டில் உத்தரவு, அதற்குச் செலவு 100 பவுண். செப்டெம்பரில் பெய்லிஃப் நிறுவனத்தின் முதல் கடிதம், அதற்கு 75 பவுண். அந்த ஐந்து மாதத்தில் யாரும் ஒரு தடவைகூட என்னோடு கதைக்கவில்லை. எல்லாமே கடிதம்.

2023 ஒக்டோபரில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு முன்னர் கதவு தட்டப்பட்டது. வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் திறந்தேன். சட்டையில் கமரா மாட்டிய ஒருவர் நேரே உள்ளே வந்தார். அவர் கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை, கையை நீட்டவும் இல்லை. ஆனால் வேகமாகக் கதைத்தார். என் கணவருடைய பெயரும் என் பெயரும் காசு என்ற சொல்லும்தான் எனக்குப் பிடிபட்டன. எனக்கு விளங்கவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. ஏனென்றால் என்னை விட்டுவிட்டு மகனிடம் திரும்பினார். அவன் பள்ளிச் சீருடையில், ஒரு கையில் பாண் துண்டோடு நின்றான். அப்போது அவனுக்கு 14 வயது.

அவன் மொழிபெயர்த்தான். அம்மா, வரி கட்டவில்லையாம். அம்மா, இப்போதே கட்ட வேண்டுமாம். அம்மா, கட்டாவிட்டால் எடுத்துப்போகச் சாமான்களை எழுதுவாராம். அந்த மனிதர் தொலைக்காட்சியையும் என் தையல் மெஷினையும் பார்த்து எழுதினார். ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார், போட்டேன். என் வங்கிக் கணக்கில் இருந்த 200 பவுணை அட்டை மூலம் கட்டினேன். அவர் வந்து போனதற்கு மட்டும் 235 பவுண் கணக்கில் ஏறியது. நான் அப்போது மணிக்கு 10.42 பவுண் உழைத்தேன். 235 பவுண் எனக்கு இருபத்திரண்டு மணி நேரத்துக்கும் கூடுதலான வேலை.

மகன் எல்லாவற்றையும் எனக்குச் சொல்லவில்லை என்று இரண்டு கிழமை கழித்துத்தான் தெரியவந்தது. பூட்டுத் திறக்கும் ஆளோடு திரும்ப வருவேன் என்றும் வான் கொண்டுவந்து ஏற்றுவேன் என்றும் அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். அதை அவன் எனக்கு மொழிபெயர்க்காமல் தனக்குள் வைத்துக்கொண்டான். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வந்து, நான் வேலையால் வரும்வரை கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். ஆசிரியை கூப்பிட்டுப் படிப்பில் கவனமில்லை என்று சொன்னபோதுதான் வாய் திறந்தான். தகப்பனை இழந்து எட்டு மாதம் ஆன பிள்ளை. அவன் தலையில் என் கடனையும் ஏற்றிவிட்டோம் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

ஐயா, அம்மணி, இதில் ஒன்றை யோசித்துப் பாருங்கள். என் கணவருடைய கடைசி நாளில் வைத்தியசாலையில் டாக்டர் முதலில் செய்த வேலை, தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை எடுத்தது. மகள் பக்கத்திலேயே நின்றாள், அவளுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆனாலும் பிள்ளையைக் கொண்டு சொல்விக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். பத்து நிமிடம்தான் எடுத்தது. ஒரு மனிதர் இறக்கப் போகிறார் என்பதை அப்படிச் சொல்ல முடியுமென்றால், வரி நிலுவை என்பதையும் அப்படிச் சொல்ல முடியும்.

இனி, எனக்கு விளக்கப்பட்ட சட்ட விஷயங்களை எழுதுகிறேன். இவை உங்களுக்குத் தெரிந்தவைதான். 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி கவுன்சில் வரிக்காக வருகிறவர் முதல் தடவை கதவை உடைத்து வர முடியாது. பூட்டுத் திறக்கும் ஆளைப் பற்றி அன்று என் மகனிடம் பேசியிருக்கவே கூடாது. வீட்டில் பிள்ளையும் பாதிக்கப்படக்கூடிய நிலையில் உள்ளவரும் மட்டும் இருந்தால் அவர் பொருட்களைக் கட்டுப்பாட்டில் எடுக்க முடியாது. அதே ஆண்டில் நீதி அமைச்சு வெளியிட்ட தேசிய நியமங்கள், யார் யார் அப்படிப் பாதிக்கப்படக்கூடியவர்களாக இருக்கலாம் என்று ஒரு பட்டியல் தருகின்றன. அண்மையில் உறவினரை இழந்தவர்கள் அதில் இருக்கிறார்கள். தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தை விளங்கவோ பேசவோ வாசிக்கவோ வெளிப்படையாகச் சிரமப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மூன்றும் நான். தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளரை உடனே எடுக்க இயன்றவரை ஏற்பாடு இருக்க வேண்டும் என்றும் அந்த நியமங்கள் சொல்கின்றன.

நான் கையெழுத்திட்ட தாளும் அப்படித்தான். அது, எழுதிய பொருட்களை அவர்கள் கட்டுப்பாட்டில் எடுத்ததாக ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தம். அதன் விளைவை விளங்கிக்கொள்ள முடியாதவர் என்று தெரிகிறவரோடு அந்த ஒப்பந்தத்தைச் செய்யக் கூடாது. அதில் எழுதப்பட்ட தையல் மெஷின் என் தொழில் கருவி. மொத்தம் 1,350 பவுண் வரையான தொழில் கருவிகளை எடுக்க முடியாது. என்னுடையது பழைய மெஷின், 180 பவுணுக்கு வாங்கியது.

பாதிக்கப்படக்கூடிய நிலையில் உள்ளவருக்கு ஆலோசனையும் உதவியும் பெறப் போதிய வாய்ப்புக் கொடுக்காவிட்டால், அந்த 235 பவுணை அறவிட முடியாது என்றும் கட்டண விதிகளில் உண்டு. எனக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

நான் கட்டிய 200 பவுணுக்கு என்ன ஆனது என்பதையும் கேளுங்கள். முதல் 75 பவுண் அவர்களுடைய கட்டணத்துக்குப் போனது. மீதியிலும் ஒரு பங்கு வருகைக் கட்டணத்துக்கு. உங்கள் கவுன்சிலுக்கு வந்தது நூற்றுச் சொச்சப் பவுண்தான். குப்பை எடுக்கவும் நூலகத்துக்கும் முதியோரைப் பார்க்கவும் போக வேண்டிய காசு அது.

நான் அப்போதே உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். விஷயம் எங்கள் கையை விட்டுப் போய்விட்டது, அந்த நிறுவனத்தோடு கதையுங்கள் என்றார்கள். கடன் இன்னும் உங்களுடையது, அவர்கள் உங்கள் பெயரில்தான் வருகிறார்கள், நீங்கள் நினைத்தால் திரும்ப எடுக்கலாம் என்று இப்போது எனக்குத் தெரியும். பெய்லிஃப் செய்ததற்குக் கவுன்சிலே பொறுப்பு என்றுதான் உள்ளூராட்சி பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனும் பார்க்கிறார். இதே இலண்டனில் ஹேமர்ஸ்மித் அண்ட் ஃபுல்ஹம் கவுன்சில் 2018இல் கவுன்சில் வரிக்குப் பெய்லிஃப் அனுப்புவதையே நிறுத்தியது. ஆகவே செய்ய முடியாத ஒன்றை நான் கேட்கவில்லை.

வேலைத்தலத்தில் ஒருவர் இதற்குச் சிறையும் உண்டு என்று சொல்லி என்னை நடுங்க வைத்தார். வேல்ஸில் 2019இல் அதை நீக்கிவிட்டார்கள், இங்கிலாந்தில் இன்னும் மூன்று மாதம் வரை இருக்கிறது, ஆனால் வேண்டுமென்றே கட்டாதவர் அல்லது குற்றமாகக் கருதத்தக்க அலட்சியம் செய்தவர் என்று நீதவான் கண்டால் மட்டும்தான் என்று ஆலோசகர் விளக்கினார். நான் வேண்டுமென்றே கட்டாதவள் அல்ல. என் அப்பா பருத்தித்துறை நகரசபைக்குச் சோலைவரி கட்டிய ரசீதுகளை ஒரு தகரப் பெட்டியில் வருட வாரியாக வைத்திருந்தார். வரி கட்டாமல் இருப்பது எங்கள் வீட்டில் வெட்கம்.

ஆலோசகர் எடுத்துத் தந்த 60 நாள் பிரீதிங் ஸ்பேஸ் அவகாசம் (அந்த நாட்களில் கடனைக் கேட்டு யாரும் வரக் கூடாது) ஜனவரிக் கடைசியில் முடிந்துவிட்டது. இந்த மாதம் திரும்பக் குறுஞ்செய்திகள் வரத் தொடங்கிவிட்டன. இதே மாதத்தில்தான் என் கணவருடைய ஆட்டைத்திவசமும் வருகிறது. அன்று வீடு முழுக்க ஆட்கள் இருப்பார்கள். அன்று கதவு தட்டப்படுமோ என்ற பயத்தில்தான் இந்த மனுவை இப்போது அனுப்புகிறேன்.

ஆகவே தயவுசெய்து என் கணக்கை அந்த நிறுவனத்திடமிருந்து உடனே திரும்ப எடுங்கள். 75 பவுணையும் 235 பவுணையும் நீக்குங்கள். நான் கட்டிய 200 பவுணை முழுதாக வரியில் சேர்த்தால், நீதிமன்றச் செலவோடு மீதி 1,140 பவுண். நவம்பரிலிருந்து மாதம் 90 பவுணாக 270 பவுண் சேர்த்து வைத்திருக்கிறேன், அதை நீங்கள் சொல்கிற அன்றே கட்டுகிறேன். மிச்சம் 870 பவுணை மாதம் 60 வீதம் 15 மாதத்தில் முடித்துவிடுவேன். ஏப்ரலில் தொடங்கும் புதிய பில்லை 12 தவணையாகப் பிரித்து, என் கணக்கிலிருந்து டைரக்ட் டெபிட்டில் எடுங்கள், படிவத்தை நிரப்பி இணைத்திருக்கிறேன். என் வருமானத்துக்குக் கவுன்சில் வரி உதவி கிடைக்குமா என்று பார்த்து, விதி இடம் கொடுத்தால் பின்திகதியிட்டுத் தாருங்கள். அதற்கு வழியில்லை என்றால், 1992ஆம் ஆண்டு உள்ளூராட்சி நிதிச் சட்டத்தின் 13ஏ பிரிவு கவுன்சிலுக்குக் கொடுத்திருக்கிற குறைப்பு அதிகாரத்தை என் விஷயத்தில் பரிசீலியுங்கள்.

எனக்காக மட்டும் இல்லாமல் இன்னொன்றும் கேட்கிறேன். ஒரு வீட்டுக் கோப்பைப் பெய்லிஃபிடம் கொடுக்கும் முன்னர் ஒரு தொலைபேசி அழைப்பாவது எடுங்கள். குடும்பத்தில் இறப்பு நடந்திருக்கிறது என்பது உங்கள் கணினியில் பதிவாகியிருந்தது, அதைப் பார்த்துத்தான் 25 வீதக் கழிவு தந்தீர்கள். அதே தகவலைப் பார்த்து ஒருவர் என்னை அழைத்திருந்தால், ஏப்ரலிலேயே புதிய டைரக்ட் டெபிட் போட்டிருப்பேன். யாருக்கும் 410 பவுண் மேலதிகச் செலவு வந்திருக்காது. கடிதத்தின் முதல் பக்கத்தில் தமிழிலும் இந்தப் பகுதியில் பேசப்படும் மற்ற மொழிகளிலும், இது வரிக் கடிதம், உதவிக்கு இந்த இலக்கத்துக்கு அழையுங்கள் என்று இரண்டு வரி போடுங்கள். வீட்டுக்கு யாரை அனுப்பினாலும், பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவிடுங்கள்.

என்னோடு கதைக்க வேண்டியிருந்தால் தயவுசெய்து தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் இணைத்து அழையுங்கள். செவ்வாயும் வியாழனும் எனக்கு வேலை இல்லை. காலை பத்து மணியிலிருந்து பிள்ளை பள்ளிக்கூடத்தால் வரும் மூன்று மணிக்கு முன்னர் எந்த நேரமும் சரி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: ஆங்கில மொழிபெயர்ப்பு, இறப்புச் சான்றிதழ்ப் பிரதி, மூன்று மாதச் சம்பளத் துண்டு, பெய்லிஃப் தந்த தாளின் பிரதி, 200 பவுண் கட்டிய ரசீது, டைரக்ட் டெபிட் படிவம்.