ஓடுபவர்களுக்காக வந்து நிற்கும் நோயாளிகளுக்கு ஓர் இருக்கை: நன்கொடை ஓட்ட ஏற்பாட்டாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற மாதம் நீங்கள் நடத்திய நன்கொடை ஓட்டத்தில், இறுதிக்கோட்டுக்குச் சற்று முன்பாக, தடுப்பை ஒட்டி மடக்கு நாற்காலியில் குடை பிடித்து அமர்ந்திருந்த ஒரு பெண்ணை உங்கள் தன்னார்வலர் ஒருவர் எழுந்திருக்கச் சொன்னார். அந்தப் பெண் நான். நாற்காலி வழியை அடைக்கிறது என்று எடுத்துச் சென்றார். பின்னால் நிற்பவர்களுக்கு மறைக்கிறது என்று குடையை மடக்கச் சொன்னார். எனக்கு லூபஸ் (நோயெதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் நோய்) இருக்கிறது, வெயில் படக்கூடாது, நெடுநேரம் நிற்கவும் முடியாது என்று சொன்னேன். உடல்நிலை சரியில்லாதவர்கள் மருத்துவ முகாமுக்குப் போகலாம் என்றார். அந்த முகாம் மைதானத்தின் மறுகோடியில் இருந்தது. அங்கிருந்து ஓடுபாதை தெரியாது.

அந்த இளைஞர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் கையில் கொடுக்கப்பட்ட விதிகளைத்தான் அவர் பின்பற்றினார். அந்த விதிகளை எழுதியவர்கள் நீங்கள் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நின்றேன். காலையில் என் விரல் மூட்டுகள் வீங்கியிருக்கும். தடுப்புக் கம்பியைப் பிடிக்க விரல்கள் மடங்காததால் இரண்டு மணிக்கட்டுகளையும் அதன்மேல் வைத்து, உடல் பாரத்தை அதில் இறக்கிச் சாய்ந்திருந்தேன். இரும்பு வெயிலில் காய்ந்து சுட்டது. என் தம்பி, என் நோயின் பெயரை மார்பில் எழுதிய பனியனோடு 21 கிலோமீட்டரை ஓடி முடிக்கும் தறுவாயில் என்னைப் பார்த்தான். கையை உயர்த்திக் கொண்டாட வேண்டிய அந்த இடத்தில் அவன் ஓட்டத்தைத் தளர்த்தி, மூச்சு வாங்கிக்கொண்டே, "ஏன்க்கா நிக்கிற? நாற்காலி எங்க?" என்று கேட்டான். அவனுடைய ஆறு மாதப் பயிற்சியின் முடிவு அந்தக் கேள்வியாக ஆனதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

இந்த நோய் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. உங்கள் நிதி திரட்டும் துண்டறிக்கையிலேயே அது அழகாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெயிலின் புற ஊதாக்கதிர் பட்டுச் சிதையும் தோல் செல்களிலிருந்து வெளிப்படும் பொருள்களையே எங்கள் நோயெதிர்ப்பு மண்டலம் பகையாக எண்ணித் தாக்கத் தொடங்குகிறது; அந்தத் தாக்குதல் தோலோடு நிற்காமல் மூட்டுகளுக்கும், சிலருக்குச் சிறுநீரகத்துக்கும் கூடப் போகக்கூடும். அதன் விளைவு அன்றே தெரிவதில்லை, சில நாட்களோ வாரங்களோ கழித்துத்தான் வருகிறது. அதனால்தான் உங்கள் கணக்கில் நான் எந்தச் சிக்கலும் இல்லாமல் வீடு திரும்பிய பார்வையாளர். ஒன்பதாம் நாள் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் வந்து, சட்டைப் பொத்தானைப் போடக்கூட முடியாமல் கிடந்தபோது உங்கள் பந்தல்களெல்லாம் பிரிக்கப்பட்டிருந்தன. ஏழு மாதம் பாடுபட்டு, மில்லிகிராம் மில்லிகிராமாகக் குறைத்த ஸ்டீராய்டு அளவை மருத்துவர் மறுபடியும் பழைய இடத்துக்கே உயர்த்தினார்.

எங்களுக்கு வேண்டியது இதுதான்: இறுதிக்கோட்டருகே, பாதை தெரியும்படி, நிழலும் இருக்கையும் பக்கத்தில் கழிப்பறையும் உள்ள ஓர் இடம்.

இது எனக்காக மட்டும் கேட்பதல்ல. மூளையையும் தண்டுவடத்தையும் பாதிக்கும் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் உள்ளவர்களில் பலருக்கு உடல் வெப்பம் சற்றுக் கூடினாலே பார்வை மங்கும், கால் தளரும். உடலை வருத்தும்போது அவர்களுக்குப் பார்வை மங்குவதை 1890இலேயே ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊட்டாஃப் பதிவு செய்திருக்கிறார். குடலில் அழற்சி உண்டாக்கும் க்ரோன் நோய் உள்ளவருக்குக் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பது தெரியாமல் வீட்டைவிட்டு வரவே முடியாது. இவர்களில் பலரைப் பார்த்தால் நோயாளி என்று சொல்ல முடியாது, என்னையும் அப்படித்தான். "பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறீர்கள்" என்ற சொல்லை ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு வாசலிலும் கேட்டுக் களைத்தவர்கள் நாங்கள். எங்கள் பெயரால் நடக்கும் ஓட்டத்திலும் அதையே கேட்க நேர்வது வலிக்கிறது. நன்கொடை கேட்கும்போது எங்கள் படம் வேண்டும், மேடையில் எங்கள் கதை வேண்டும். ஓட்டம் தொடங்கிய பிறகு எங்களுக்கு இடம் இல்லை என்றால் அந்தப் பணம் யாருக்காகத் திரட்டப்படுகிறது என்று கேட்க எனக்கு உரிமை உண்டு என நினைக்கிறேன்.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆதரவாளர்களைக் கூட்டம் என்று மட்டும் பார்க்காதீர்கள். 1980இல் டெர்ரி ஃபாக்ஸ் செயற்கைக் காலோடு கனடாவின் குறுக்கே 143 நாட்கள் ஓடி, புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்டியபோது அவருடைய நண்பர் டக் ஆல்வர்ட் வேனை ஓட்டிக்கொண்டு கூடவே போனார். என் தம்பிக்கு நான் வேன் ஓட்ட முடியாது. விடியற்காலையில் அவனை எழுப்புவதும், அவன் நன்கொடை கேட்கும் கடிதங்களை எழுதித் தருவதும், அவன் கடைசி வளைவில் திரும்பும்போது அங்கே இருப்பதும்தான் என்னால் முடிந்தவை. மூன்றாவதை நான் செய்வதற்கு உங்கள் உதவி தேவைப்படுகிறது.

2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆவது பிரிவு விளையாட்டு நடக்கும் இடங்களை மாற்றுத்திறனாளிகள் அணுக வகை செய்ய வேண்டும் என்கிறது. நான் சட்டம் பேச வரவில்லை. ஒரு பந்தல், சில நாற்காலிகள், ஓடுபவர் பதிவு செய்யும் படிவத்தில் "என் ஆதரவாளருக்கு இருக்கை தேவை" என்று குறிக்க ஒரு கட்டம், அப்படிக் குறித்தவரிடம் சான்றிதழ் கேட்காமல் வழிவிடும்படி தன்னார்வலர்களுக்கு ஒரு சொல் ஆகியவற்றைத்தான் கேட்கிறேன். நிழலும் இருக்கையும் கழிப்பறையும் உள்ள அந்த இடத்தை, அடுத்த ஓட்டத்துக்கான பதிவு தொடங்கும் முன் நீங்கள் அறிவிக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முன்பே தெரிந்தால்தான் வருவதா வேண்டாமா என்று எங்களால் முடிவு செய்ய முடியும்.

தம்பி அடுத்த ஆண்டும் ஓடுவதாக இருக்கிறான். என்னை வீட்டிலேயே இருக்கச் சொல்கிறான். நான் இன்னும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பதினொரு ஆண்டுகளாக லூபஸோடும், ஆறு ஆண்டுகளாக உங்கள் ஓட்டத்தோடும் இருப்பவள்