பணம் யார் பெயருக்குப் போகிறது, கண்ணு?

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த விளம்பரத்தைப் பார்த்தேன். "சென்னிமலை ஒரிஜினல் பெட்ஷீட், டபுள் சைஸ், 5 பீஸ் 499 மட்டும், இன்றோடு கடைசி." போனில் சொன்னால் பாதியிலேயே மீட்டிங் என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். ராத்திரி படுக்கும்போது நிதானமாகப் படி.

முதலில் விலையைப் பார்ப்போம். நம் கடை டபுள் பெட்ஷீட் ஒன்றைத் தராசில் வைத்தால் முக்கால் கிலோவுக்குக் குறையாது. ஐந்துக்கு நாலு கிலோ நூல் என்று வைத்துக்கொள். நாலு கிலோ பருத்தி நூலை 499 ரூபாய்க்கு எந்த மில்லில் தருகிறார்கள்? அப்புறம் சாயம் போட வேண்டும், பாவு ஓட்ட வேண்டும், தறிக்காரருக்குக் கூலி, பார்சல் செலவு, வரி. பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிட நினைப்பவர்கூட அந்த விலைக்கு இறங்க மாட்டார். திருப்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் பனியன், இளம்பிள்ளை சேலை என்று உன் போனில் வருவதற்கும் இதே கணக்குத்தான். சர்ப்ளஸ் சரக்கு என்று ஒன்று இல்லாமல் இல்லை. ஈரோடு ஜவுளிச் சந்தைக்குத் திங்கள் ராத்திரி போனால் தொட்டுப் பார்த்தே வாங்கலாம். அங்கேயும் யாரும் சும்மா தூக்கிக் கொடுப்பதில்லை.

இன்னொன்றை நீ கவனிக்கவில்லை. அந்த விளம்பரத்தில் இருக்கிற இரண்டாவது படம் நம் கடை ரேக். மேல்தட்டில் சிவப்புக் கட்டம் போட்ட ஷீட் இருக்கிறது பார், அதன் ஓரத்தில் உங்கம்மா கட்டித் தொங்கவிட்ட எலுமிச்சம்பழமும் மிளகாயும் தெரிகிறது. போன ஆடியில் நாம் பேஸ்புக்கில் போட்ட படம். அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு எவனோ கடை விரித்திருக்கிறான். அதிலிருந்து கடைக்குப் போன் மேல் போன். "ஏனுங்க, பார்சல் இன்னும் வரலீங்களே" என்று கேட்கிறவர்களிடம் நான் என்ன சொல்ல?

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒருவர் மனைவியோடு நேரிலேயே வந்துவிட்டார். முதலில் சண்டைக்குத்தான் வந்தார். மோர் கொடுத்து உட்கார வைத்து, அவர் போனை வாங்கிப் பார்த்தேன். நம் போர்டு, நம் கதவு எண், நம் ஜிஎஸ்டி எண், எல்லாம் அச்சு அசல். ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் போட்டு, கடை எந்த மாநிலம், என்ன பெயர் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு. அவரும் விவரமான ஆள், அதைச் சரிபார்த்துவிட்டுத்தான் பணம் போட்டிருக்கிறார். எண் சரிதான், அது நம்முடையது ஆயிற்றே! பணம் கட்டிய ரசீதைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. பெற்றவர் என்ற இடத்தில் நம் கடைப் பெயர் இல்லை. ஜவுளிக்குச் சம்பந்தமே இல்லாத யாரோ ஒரு தனி ஆளின் பெயர் இருந்தது.

படத்தைத் திருடலாம், போர்டைத் திருடலாம், ஜிஎஸ்டி எண்ணையும் திருடலாம். நம் கடைப் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கை மட்டும் அவனால் திருட முடியாது. யூபிஐ செயலிகள் வங்கியில் பதிவான பெயரைத்தான் காட்ட வேண்டும் என்று 2025-ல் விதியும் வந்துவிட்டது. ஆகவே பின் நம்பரை அடிக்கும் முன் அந்த ஒரு வரியைப் படி. கடையின் பெயர் ஒன்று, கணக்கின் பெயர் வேறொன்று என்றால் அங்கேயே நிறுத்து.

வீட்டிலிருந்து சேலை விற்கிற பெண்கள் சொந்தக் கணக்கில்தான் பணம் வாங்குவார்கள், அவர்களையெல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. அப்படிப்பட்டவரிடம் வாங்குவதானால் வீடியோ காலில் சரக்கைக் காட்டச் சொல். உண்மையாக விற்கிறவர் சேலையை உதறிக் காட்டி முந்தியையும் விரிப்பார். டிமிக்கி கொடுக்கிறவர் "நெட்வொர்க் சரியில்லைங்க" என்பார். கைத்தறிதான் வேண்டும் என்றால் கோ-ஆப்டெக்ஸுக்கே சொந்தமாக இணையக் கடை இருக்கிறது.

கேஷ் ஆன் டெலிவரி என்றால் பயமில்லை என்று நீ சொல்வாய். அந்தக் காலத்தில் தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கும் வி.பி.பி. பார்சலைப் பிரித்தால் உள்ளே செங்கல் என்று ஊருக்கு ஒரு கதை இருக்கும். இப்போதும் பெரும்பாலும் பணம் கொடுத்த பிறகுதான் பிரிக்க விடுகிறார்கள். நீ ஆர்டரே போடாத பார்சல் உன் பெயருக்கு வந்தால் வாங்காதே. மாமியாரிடமும் சொல்லி வை, "கண்ணு ஏதோ வாங்கியிருக்கும்" என்று அவர் பணம் கொடுத்து வாங்கி வைத்துவிடுவார்.

மாப்பிள்ளை தீபாவளிப் பட்டாசு ஆன்லைனில் பார்ப்பதாகச் சொன்னாய். இணையதளங்களில் பட்டாசு விற்கக் கூடாது என்று 2018-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. சிவகாசி நேரடி விலை, 80 சதவீதம் தள்ளுபடி என்று வருகிறதை நம்ப வேண்டாம் என்று பக்குவமாகச் சொல். மருமகனுக்கு நான் சொன்னால் நன்றாக இருக்காது.

இப்போது அவசரமான விஷயம். உன் பக்கத்து ஃபிளாட் பெண் இதே விளம்பரத்தில் நேற்று பணம் கட்டிவிட்டதாக எழுதியிருந்தாயே, அவளை இன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போடச் சொல். நேரம் ஆக ஆகப் பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். நடுவில் எங்காவது முடக்கினால்தான் திரும்பி வர வழியுண்டு. வங்கிக்கும் சொல்ல வேண்டும். ரசீதில் இருக்கும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் கேட்பார்கள், ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்கக் கூடாது.

அவளுக்கு இனிமேல் இரண்டு போன் வரலாம். ஒன்று, "பார்சல் ஜிஎஸ்டியில் நிற்கிறது, 999 கட்டினால் திருப்பித் தந்துவிடுவோம்" என்று. இன்னொன்று, "ரீஃபண்ட் அனுப்புகிறோம், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்க" என்று. நமக்குப் பணம் வர யூபிஐ பின் நம்பரே தேவையில்லை, அது நாம் பணம் கொடுக்கும்போது போடுவது. ஏதாவது செயலியை இறக்கச் சொன்னால் போனை வைத்துவிடச் சொல், அது இவள் திரையை அவன் பார்ப்பதற்கு. கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடவும் வேண்டாம், அங்கேயும் இவர்களே போலி நம்பரைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அவள் கேட்டால் என் நம்பரைக் கொடு. நம் கடைப் படத்தை வைத்துத்தான் ஏமாற்றியிருக்கிறான் என்று நானும் இங்கே ஈரோடு சைபர் கிரைமில் எழுதிக் கொடுக்கப்போகிறேன். அவளுடைய ரசீதின் நகல் கிடைத்தால் அதையும் சேர்த்து வைக்கலாம்.

அன்புடன்,
அப்பா