தெளிக்கச் சொன்ன நாள் தவறு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் வேளாண் பக்கத்தில் நெல்லின் இலையுறைக் கருகல் என்ற பூஞ்சை நோய் பற்றி வந்த குறிப்பில், நோய் முற்றிய வயலில் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவைத் தெளித்தால் நின்றுவிடும் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். முப்பத்தொரு வருடம் தாவரவியல் நடத்திவிட்டு, இப்போது பாபநாசம் பக்கத்தில் ஆறு மா நிலத்தில் சம்பா வைத்திருக்கிறேன். போன சம்பாவில் நானும் அப்படித்தான் செய்தேன்.

தூரில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாம்புச் சட்டை போலத் திட்டுத் திட்டாக நோய் ஏறிய பிறகு கடைக்கு ஓடினேன். (பயிர் கரும்பச்சையாக நிற்க வேண்டும் என்று யூரியாவை அள்ளிப் போட்டதும் நான்தான்.) கடை வாசலில் வெயிலில் கிடந்த பெட்டியிலிருந்து இரண்டு பொட்டலம் எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டில் வந்து பார்த்தால் காலாவதியாகி நான்கு மாதம். டால்க் தூளில் உயிருள்ள பாக்டீரியாவைக் கலந்து விற்கும் சரக்கு அது. பாக்டீரியா செத்துவிட்டால் மிஞ்சுவது முகத்துக்குப் போடும் பவுடர்தான்.

பொட்டலம் நல்லதாகவே இருந்திருந்தாலும் அந்த நாளில் பெரிதாகக் கைகொடுத்திருக்காது. சூடோமோனாஸ் தானும் பூஞ்சையோடு மோதும் என்றாலும், அதன் முக்கிய வேலை வேரில் குடியேறிப் பயிரை உசுப்பிவிடுவது. அதன் பிறகு இலையே கைட்டினேஸ், குளுக்கனேஸ் என்ற நொதிகளைக் கூடுதலாகச் சுரக்கிறது. கைட்டினேஸ் அறுப்பது கைட்டினை. நண்டு ஓட்டிலும் இறால் தோலிலும் உள்ள அதே கைட்டின்தான் பூஞ்சையின் செல்சுவரிலும் இருக்கிறது. நெல்லின் சுவரில் அது கிடையாது. ஆகவே தன் உடம்புக்குக் காயமில்லாமல் வந்தவனின் சுவரை மட்டும் இலையால் அறுக்க முடிகிறது. கோவை வேளாண் பல்கலைக்கழக ஆய்வுகளிலும் சூடோமோனாஸ் இட்ட நெல்லில் இந்த நொதிகள் கூடியிருந்தன. ஆனால் இலை அவற்றைச் சேர்த்துக்கொள்ள நாள் வேண்டும். திருடன் உள்ளே வந்த பிறகு பூட்டுச் செய்யக் கொல்லனைத் தேடி என்ன பயன்?

இலையின் நொதி பூஞ்சையைத் தடுக்கும் என்பதைச் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் 1986இல் காட்டினார்கள். வாழைத்தாருக்குப் புகைமூட்டம் போடும்போது காயைப் பழுக்கவைக்கிறதே எத்திலீன், அந்த வாயுவில் அவரையினச் செடிகளை வைத்து நொதியைக் கூட்டி, இலையிலிருந்து கைட்டினேஸைப் பிரித்தெடுத்தார்கள். அது எந்தப் பூஞ்சையின் வளர்ச்சியை நிறுத்தியது தெரியுமா? டிரைக்கோடெர்மா விரிடி! நம் கடைகளில் சூடோமோனாஸுக்குப் பக்கத்திலேயே உழவனின் நண்பன் என்று விற்கிறார்களே, அதேதான். நொதிக்கு நண்பன், பகைவன் தெரியாது. பின்னர் சோதித்த பல பூஞ்சைகள் கைட்டினேஸ், குளுக்கனேஸ் இரண்டும் சேர்ந்து தாக்கினால்தான் அடங்கின.

அடுத்த முறை இந்தக் கணக்கையும் அச்சிடுங்கள்: விதை நேர்த்திக்குக் கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ், நடும் முன் நாற்றின் வேரைக் கரைசலில் அரை மணி நேரம் நனைப்பது, நட்ட 45ஆம் நாளிலிருந்து தெளிப்பு, லிட்டருக்கு 2 கிராம். ரசாயனப் பூஞ்சாணக்கொல்லியுடன் ஒரே டேங்கில் கலக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் நான் வாங்கிய பொட்டலத்தைத் தேதி பார்த்து வாங்கினேன். கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.