பொதியின் மேல் எழுதும் பெயர்

குரோய்டன்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

வேலை கிடைத்த செய்தியை நீ தொலைபேசியில் சொன்னபோது, ‘நல்லது பிள்ளை’ என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். உன் வேலை என்னவென்று அப்பாவுக்கு விளங்கவில்லை என நீ எண்ணியிருக்கக்கூடும். ஒரு சுப்பர் மார்க்கெட் தன் சொந்தப் பெயரில் விற்கும் பொருள்களை உருவாக்கும் பிரிவில் நீ சேரப் போகிறாய் என்பது எனக்கு நன்றாகவே விளங்கியது. பதினேழு ஆண்டுகள் இரவு வேலையில், கூண்டு வண்டியை இழுத்து வந்து, பழைய திகதி முன்னும் புதிய திகதி பின்னுமாக, பெயர் எழுதிய முகம் வாங்குபவரைப் பார்க்கும்படி அந்தப் பொதிகளை அடுக்கியவன் நான். சொல்ல நிறைய இருந்ததால்தான் அன்று ஒன்றும் சொல்ல வரவில்லை.

நீ சேரும் நிறுவனம் வேறு. ஆயினும் கடைக்காரன் தன் பெயரைப் பொருளின் மேல் எழுதிய கதையை ஒரே குடும்பத்தின் கதையாகப் படிக்க விரும்பினால் செயின்ஸ்பரி என்ற சுப்பர் மார்க்கெட்டின் கதையைத்தான் படிக்க வேண்டும். அவர்களுடைய ஆவணக் காப்பகம் லண்டன் டொக்லண்ட்ஸில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓய்வு பெற்றபின் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததை அம்மா உனக்கு முன்பே சொல்லியிருப்பார்.

1869-ஆம் ஆண்டில், புதிதாக மணமுடித்த ஜோன் ஜேம்ஸ் செயின்ஸ்பரியும் மேரி ஆன் ஸ்டேப்பிள்ஸும் லண்டன் ட்ரூரி லேனில் 173-ஆம் இலக்கத்தில் ஒரு சிறிய பால்கடையைத் திறந்தார்கள். மேரி ஆன் ஒரு பால்கடைக்காரரின் மகள். ஆகவே வெண்ணெயையும் முட்டையையும் பார்த்துத் தரம் பிரிப்பது அவருக்கு வீட்டுப் பழக்கம். அக்காலத்து ட்ரூரி லேன் லண்டனின் மிக ஏழ்மையான பகுதிகளில் ஒன்று. பாலில் தண்ணீர், பாணில் படிகாரம் என்று கலப்படம் அங்கே சாதாரணமாக நடந்தது. அதைத் தடுக்கச் சட்டத்துக்கு மேல் சட்டம் கொண்டுவந்து, கடைசியில் 1875-இல்தான் ஓரளவு பல்லுள்ள சட்டம் ஒன்றை இயற்றினார்கள். பாலில் தண்ணீர் கலப்பது எங்கள் ஊருக்கு மட்டுமே உரிய கலை என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். அப்படிப்பட்ட தெருவில் சுத்தமான கடையும் கலப்படமில்லாத வெண்ணெயும் இருந்தால், விளம்பரம் தேவைப்படாது.

1882-இல் அவர்கள் லண்டனுக்குத் தெற்கே உள்ள நம் குரோய்டனுக்கு வந்தார்கள். லண்டன் வீதியில், இன்று நீயும் அம்மாவும் முருங்கைக்காய் வாங்கப் போகும் அதே நீண்ட வீதியில், பளிங்குக்கல் மேசைகளும் ஓடு பதித்த சுவர்களும் சித்திரக்கல் தரையுமாக வசதியுள்ளவர்களுக்கான ஒரு கடையைத் திறந்தார்கள். ஓடு அலங்காரத்துக்காக மட்டும் பதித்ததன்று. அது குளிர்ச்சியைக் காக்கும், கழுவினால் அழுக்குப் போகும், எலி துளைக்காது. அதே ஆண்டில்தான் அவர்களின் சொந்தப் பெயரில் முதற்பொருளும் வந்தது: தாங்களே புகையூட்டிய பன்றியிறைச்சி, அதாவது பேக்கன். அது பெட்டியிலோ பொதியிலோ வரவில்லை. கேட்ட அளவுக்கு வெட்டி, தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். பெயர் கடையின் நெற்றியில்தான் இருந்தது. இறைச்சி கெட்டிருந்தால் வாங்கியவர் அந்தப் பெயருக்குக் கீழே வந்து நின்று கேட்கலாம் என்பதே அதன் பொருள். சொந்தப் பெயர்ப் பொருள் என்பதன் வேர் அங்கே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

1903-இல் தேயிலை வந்தது. நான் இன்றும் குடிக்கும் ரெட் லேபிள் அந்த வழியில் வந்ததுதான். புரூக் பாண்ட் நிறுவனத்தார் இந்தியாவில் விற்கும் அதே பெயருடைய தேயிலையோடு இதைக் குழப்பிக்கொள்ளாதே. அந்நாளில் இங்கிலாந்து குடித்த தேயிலையில் பெரும்பகுதி இந்தியாவிலும் இலங்கையிலும் விளைந்தது. இலங்கை மலைகளில் அதைக் கிள்ளியவர்கள் தமிழர்கள். லண்டனில் விற்ற பொதியில் அவர்கள் பெயர் ஏறவில்லை. கடைக்காரனின் பெயர் பெரிதாக வரும்போது வேறு சில பெயர்கள் மறைகின்றன என்பதையும் நீ நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னால் இந்தத் தேயிலைக்கு நான் திரும்பி வருவேன்.

ஜோன் ஜேம்ஸ் 1928-இல் இறந்தபோது 120-க்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. ‘கடைகளில் வெளிச்சம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பதே அவருடைய கடைசி வார்த்தை என்று சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, ஒரு கடைக்காரனுக்குப் பொருத்தமான வார்த்தைதான்.

போர்க்காலத்தில் பங்கீடு வந்தது. 1940 முதல் 1954 வரை ஒவ்வொரு குடும்பமும் ஒரு கடையில் பெயரைப் பதிந்து, அங்கேதான் வெண்ணெயும் சீனியும் பேக்கனும் வாங்க வேண்டும். இதை எங்கள் வயதினருக்கு விளக்கத் தேவையில்லை. சங்கக்கடை வாசலில் கூப்பனோடு நின்றவர்கள் நாங்கள்.

இனி 1950-க்கு வருகிறேன். அதுவரை செயின்ஸ்பரி கடைக்குள் போனால் பால்பொருளுக்கு ஒரு மேசை, பேக்கனுக்கு ஒரு மேசை, பலசரக்குக்கு ஒரு மேசை என்று ஒவ்வொன்றின் முன்னும் தனித்தனியே வரிசையில் நிற்க வேண்டும். ஊழியர் பெரிய வெண்ணெய்க் கட்டியிலிருந்து வெட்டி, இரு மரத்தகடுகளால் தட்டி உருவம் கொடுத்து, நிறுத்துத் தருவார். அந்தக் கைத்திறனைப் பழகவே மாதக்கணக்கில் ஆகும். ஜோன் ஜேம்ஸின் பேரன் அலன் செயின்ஸ்பரி 1949-இல் அமெரிக்காவுக்குப் போய், அங்கே வாடிக்கையாளர்கள் தாமே பொருளை எடுத்துக்கொள்ளும் கடைகளைப் பார்த்துத் திரும்பி, அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் குரோய்டன் லண்டன் வீதிக் கடையையே அவ்வாறு மாற்றினார். நாட்டில் இதுவே முதல் என்று சிலர் எழுதுவது தவறு. லண்டன் கூட்டுறவுச் சங்கம் 1942-இலேயே அதைத் தொடங்கிவிட்டது. ஆனால் செயின்ஸ்பரி போன்ற மரியாதைக்குரிய கடை இதைச் செய்ததுதான் பலருக்கு அதிர்ச்சி. குரோய்டனுக்கு அருகே பர்லியில் ஒரு நீதிபதியின் மனைவி, கடை ஊழியர் செய்ய வேண்டிய வேலையைத் தன்னைச் செய்யச் சொல்வதா என்று கடுமையாகத் திட்டினாராம். அலன் செயின்ஸ்பரியே பிற்காலத்தில் சொன்ன கதை இது. இன்று தானே ஸ்கேன் செய்து தானே பணம் கட்டும் இயந்திரத்தின் முன் நின்று முணுமுணுக்கும்போதெல்லாம் அந்த அம்மையாரை நான் நினைத்துக்கொள்கிறேன்.

இந்த மாற்றத்தில் உன் தொழிலுக்கு உரிய ஒன்று இருக்கிறது. மேசைக்குப் பின்னால் நின்று ‘இது நல்லது, அது வேண்டாம்’ என்று சொன்ன மனிதர் போய்விட்டார். அவர் செய்த வேலையை இனிப் பொதியே செய்ய வேண்டும். அதற்காகத்தான் 1960-களிலும் 70-களிலும் அவர்களுடைய வடிவமைப்புப் பிரிவு, பீட்டர் டிக்ஸன் என்பவரின் தலைமையில், சொந்தப் பெயர்ப் பொருள்களுக்கு அவ்வளவு துணிச்சலான பொதிகளை உருவாக்கியது. ஒரு நிறம், எளிய ஓர் உருவம், தெளிவான எழுத்து, அவ்வளவே. மலிவான பொருள் மலிவாகத் தோன்ற வேண்டியதில்லை என்பதை அவர்கள் நிரூபித்தார்கள். இன்று அவற்றை அருங்காட்சியகத்தில் பார்க்கும்போது, நான் அடுக்கிய பொதிகளின் இரைச்சலுக்கு அவை எவ்வளவோ மேல் என்று தோன்றுகிறது.

இதில் கணக்கும் இருந்தது. 1964-இல் சட்டம் மாறும்வரை பெரும்பாலான பிரபல பொருள்களுக்கு உற்பத்தியாளரே சில்லறை விலையை நிர்ணயிக்கலாம். கடைக்காரர் அதைக் குறைத்து விற்றால் சரக்கு வராது. சொந்தப் பெயர்ப் பொருளுக்கு மட்டுமே அந்தக் கட்டு இல்லை. ஆகவே விலையைத் தன் விருப்பப்படி வைக்க விரும்பிய கடைக்காரனுக்குத் தன் பெயரை எழுதுவதே வழியாக இருந்தது.

பிறகு நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1973-இல் குடும்ப நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. மேசையில் வைத்து விற்ற கடைசிக் கடை பெக்கமில் 1982-இல் மூடப்பட்டது. 1995-இல் போட்டிக் கடையான டெஸ்கோ, ‘கிளப்கார்ட்’ என்ற தன் வாடிக்கையாளர் அட்டையோடு முந்திச் சென்றது. செயின்ஸ்பரியின் அப்போதைய தலைவர் டேவிட் செயின்ஸ்பரி அந்த அட்டையை, முன்பு பொருள் வாங்கியவர்களுக்குச் சேர்த்துவைக்கக் கொடுத்த பச்சை முத்திரைகளின் மின்னணு வடிவம் என்று இகழ்ந்து, மறு ஆண்டே தாமும் ஓர் அட்டையைக் கொண்டுவர நேர்ந்தது. 2016-இல் வீட்டுப் பொருள்கள் விற்கும் ஆர்கோஸ் நிறுவனத்தை வாங்கினார்கள். அஸ்டா என்ற மற்றொரு சுப்பர் மார்க்கெட்டோடு இணையும் முயற்சியைப் போட்டி ஆணையம் 2019-இல் தடுத்தது. இடையில் செயின்ஸ்பரி குடும்பத்தின் மூன்று சகோதரர்களின் கொடையில் லண்டன் தேசிய ஓவியக்கூடத்துக்கு ஒரு புதிய பகுதி எழுந்து 1991-இல் திறக்கப்பட்டது. அங்கே தமக்குப் பிடிக்காத ஒரு போலித் தூணுக்குள், இது தேவையற்றது என்று கடிதம் எழுதி மூத்தவர் ஒளித்து வைத்திருந்ததைத் தூணை இடித்தபோது கண்டெடுத்தார்கள். பிள்ளைகளுக்கு நேரில் சொல்ல முடியாததைக் கடிதமாக எழுதும் வழக்கம் எனக்கு மட்டும் உரியதன்று.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். 1993-இல் டெஸ்கோ, வெள்ளைப் பொதியில் நீலக் கோடுகளோடு ‘வேல்யூ’ என்ற மலிவு வரிசையைத் தொடங்கியது; 1998-இல் ‘ஃபைனஸ்ட்’ என்ற உயர்தர வரிசை வந்தது. செயின்ஸ்பரி 2000-இல் ‘டேஸ்ட் த டிஃபரன்ஸ்’ வரிசையைக் கொண்டுவந்தது. கீழ்த்தட்டில் செம்மஞ்சள் நிறப் ‘பேசிக்ஸ்’ இருந்தது. நல்லது, நடுத்தரம், மலிவு என்று ஒரே பீன்ஸுக்கு மூன்று படிகள். அழகில்லாத பொதிதான், ஆனால் மலிவுப் பொருளின் மேலும் கடையின் பெயர் இருந்தது. அதன் விலையையும் பொறுப்பையும் கடை ஏற்றது. 2013 ஜனவரியில் டெஸ்கோவின் மலிவு பேர்கர் ஒன்றில் 29 விழுக்காடு குதிரையிறைச்சி இருந்ததை அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கண்டறிந்தபோது, அதைச் செய்தது வேறொரு தொழிற்சாலை என்றாலும், பத்திரிகைகளில் முழுப்பக்க மன்னிப்பு வெளியிட வேண்டியவர்கள் பொதியில் பெயர் இருந்தவர்களே.

அதன்பின், ஜெர்மானியக் கடைகளான அல்டியும் லிடிலும் விலையில் நெருக்கியபோது, ஒரு விந்தை நடந்தது. 2016-இல் டெஸ்கோ ‘வுட்சைட் ஃபார்ம்ஸ்’, ‘போஸ்வெல் ஃபார்ம்ஸ்’ என்று இல்லாத பண்ணைகளின் பெயர்களில் இறைச்சியை விற்கத் தொடங்கியது; விவசாயிகள் சங்கம் முறையிட்டது. செயின்ஸ்பரியும் ‘பேசிக்ஸ்’ஸைக் கைவிட்டு ‘மேரி ஆன்ஸ் டெய்ரி’, ‘ஜே. ஜேம்ஸ் அன்ட் ஃபேமிலி’ என்று பிரித்துப் பெயரிட்டது. 2023-இல் அவற்றையெல்லாம் திரட்டி, நூறாண்டுக்கு மேல் தலைமையகம் இருந்த தெருவின் பெயரால் ‘ஸ்டாம்ஃபர்ட் ஸ்ட்ரீட்’ ஆக்கினார்கள். அவை சொந்தக் குடும்பத்திலிருந்து எடுத்த பெயர்கள், பொய்ப் பண்ணைகள் அல்ல. அந்த அளவில் நேர்மைதான். ஆனாலும் ட்ரூரி லேனில் ஏழைகளுக்கு நல்ல வெண்ணெய் விற்றுச் சம்பாதித்த குடும்பப் பெயரை, மிக மலிவான பொருளின் மேல் பெரிதாக எழுதத் தயங்குவது எனக்கு உறுத்துகிறது.

தேயிலைக்குத் திரும்புகிறேன் என்றேன். 2007-இல் தான் விற்கும் வாழைப்பழம் முழுவதையும் ‘ஃபேர்ட்ரேட்’ என்ற நியாய வணிகச் சான்று பெற்றதாக மாற்றிய பெருமை செயின்ஸ்பரிக்கு உண்டு. பத்தாண்டு கழித்து, 2017-இல், ரெட் லேபிள் உள்ளிட்ட சொந்தத் தேயிலைகளிலிருந்து அந்தச் சான்றை நீக்கி, ‘ஃபேர்லி ட்ரேடட்’ என்று தானே வகுத்த ஒரு பெயரை அச்சிட்டது. ஆபிரிக்கத் தேயிலை விவசாயிகளின் பிரதிநிதிகள் எதிர்த்தார்கள். தங்களுக்குச் சேர வேண்டிய உபரிப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்பதைத் தாங்களே முடிவு செய்யும் உரிமை போய்விடும் என்பது அவர்கள் வாதம். இரு பெயர்களுக்கும் ஒலியில் ஓரிரு அசைதான் வேறுபாடு. ஆனால் ஒன்றை வெளியார் வந்து சோதிக்கிறார்கள். மற்றொன்றைக் கடைக்காரனே எழுதிக் கடைக்காரனே திருத்தினான். உன் மேசைக்கும் இப்படி ஓரிரு அசை மாற்றம் என்றாவது வரும். அன்று கூட்டத்தில் யாராவது, அதைச் செய்பவர்களிடம் கேட்டோமா என்று கேட்க வேண்டும்.

முதல் மாதம் பெரும்பாலும் ருசி பார்ப்பதிலேயே போகும் என்று சொன்னாய். அவர்கள் உன்னிடம் முதலில் எந்தப் பொருளைத் தருகிறார்கள் என்று எழுது. அது கறியாக இருந்தால் அச்சுக்குப் போகும்முன் தனக்கு ஒரு டப்பா அனுப்ப வேண்டும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்கிறார். உப்பைப் பற்றித் தனக்கு ஏற்கெனவே சந்தேகம் இருக்கிறதாம்.

அன்புடன்,
அப்பா