மாமல்லபுரத்தில் வீடு, கிண்டியில் வேலை

மாமல்லபுரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருப்பது நல்ல சேதி. சின்னவன் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டான் என்பதைத்தான் நம்ப முடியவில்லை. இங்கே எல்லாரும் சௌக்கியம். வேளச்சேரி வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வரலாமா, வந்தால் தங்கச்சி சிறுசேரி சிப்காட் ஐ.டி. பூங்காவுக்கும் நீ கிண்டி தொழிற்பேட்டைக்கும் வேலைக்குப் போய்வர முடியுமா என்று கேட்டிருந்தாய். நேராக அதற்கே வருகிறேன்.

தங்கச்சிக்குத் தாராளமாக முடியும். உனக்கும் முடியும், ஆனால் நீ நினைத்திருக்கிற வழியில் இல்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் காரில் கிளம்பி எட்டுக்குக் கடற்கரைக் கோயில் வாசலில் இறங்கியவர்கள் எல்லாரும் ‘55 கிலோமீட்டர், ஒரு மணி நேரம்’ என்று கணக்குப் போடுகிறார்கள். வேலை நாளில் அந்தக் கணக்கு நிற்காது. இங்கிருந்து கோவளம், முட்டுக்காடு, அக்கரை டோல் வரை ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) நன்றாகத்தான் ஓடும். நீலாங்கரை, கொட்டிவாக்கம் வந்ததும் வண்டி ஊர ஆரம்பிக்கும். அங்கிருந்து திருவான்மியூர், அடையாறு கடந்து கிண்டிக்குப் போகிற கடைசிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர், முன்னால் வந்த நாற்பதுக்குச் சமமான நேரத்தைத் தின்றுவிடும். ஆகவே ‘சென்னைக்கு எவ்வளவு தூரம்’ என்று கேட்காதே. சென்னையில் எந்த மூலை என்பதுதான் கேள்வி.

தங்கச்சி போகிற சிறுசேரி, சென்னையின் இந்தப் பக்கத்து மூலை. இந்த ஊரை ஒட்டிய பூஞ்சேரி சந்திப்பில் ஓஎம்ஆரை (பழைய மாமல்லபுரம் சாலையை) பிடித்தால் திருப்போரூர், கேளம்பாக்கம் வழியாகச் சுமார் 27 கிலோமீட்டர். ஸ்கூட்டரில் முக்கால் மணி, மிஞ்சினால் 50 நிமிடம். காரில் போனாலும் டோல் கிடையாது. நாவலூர் சுங்கச்சாவடியையும் 2023 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். மெட்ரோ வேலை நடக்கும் நெரிசலுக்கு முன்பே அவள் சிப்காட்டுக்குள் திரும்பிவிடுவாள். பஸ் என்றால் தாம்பரம் போகும் 515-இல் ஏறிக் கேளம்பாக்கத்தில் இறங்கி மாற வேண்டும். அந்த வண்டி அங்கே இடதுபக்கம் வண்டலூர் ரோட்டில் திரும்பிவிடும், சிறுசேரி வழியாகப் போகாது. சாதாரணக் கட்டணப் பஸ்ஸாக வந்தால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. டீலக்ஸில் அந்தச் சலுகை செல்லாது, ஏறும்போதே பார்த்துக்கொள்ளச் சொல். எங்கேயாவது இடிக்கும் என்றால் அது திருப்போரூர்தான். கிருத்திகை நாளில் கந்தசாமி கோயில் கூட்டம் ரோடு வரை நிற்கும். ஆடிக்கிருத்திகை அன்று வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது உத்தமம்.

இனி உன் விஷயம். கிண்டி எஸ்டேட்டுக்கு நீ பைக்கில் ஈசிஆரில் போவதாக எழுதியிருக்கிறாய். போக 55, வர 55. வாரம் 2 நாள் வீட்டிலிருந்து வேலை என்பதால் மாதம் 13 நாள் என்று வைத்தாலும் 1,430 கிலோமீட்டர் ஆகிறது. லிட்டருக்கு 50 கிடைத்தால் ஏறக்குறைய 29 லிட்டர். பெட்ரோல் செலவு கூடப் பரவாயில்லை. 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மெக்கானிக் கடையில் நிற்பாய். இரவு எட்டு மணிக்குக் கோவளம் தாண்டி எதிரே வருகிற ஹைபீம் வெளிச்சத்தில், ரோட்டில் படுத்திருக்கும் மாடு தெரியவே தெரியாது. பகலில் முட்டுக்காடு பாலத்தில் பக்கவாட்டுக் காற்று பைக்கைத் தள்ளும். அதுகூடப் பழகிவிடும், மாட்டுக்குத்தான் பழக்கமே இல்லை.

பஸ்ஸில் போனால்? தி.நகருக்கு 599 இருக்கிறது. ஈசிஆர் வழியாகப் போகும், உட்கார இடம் கிடைக்கும், ஏனென்றால் இங்கிருந்துதான் புறப்படுகிறது. ஆனால் அதுவும் அதே கொட்டிவாக்கம் நெரிசலில்தான் நிற்கும். பஸ் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பார்க்க ‘சென்னை ஒன்’ செயலியைப் போட்டுக்கொள். புதுச்சேரியிலிருந்து வரும் ஈசிஆர் பஸ்களை நம்பாதே. ஊருக்குள் வராமல் பைபாஸில் நிற்கும், அதுவும் காலையில் நிரம்பித்தான் வரும். நீ மயிலாப்பூரிலோ சேப்பாக்கத்திலோ வேலை பார்த்தால், திருவான்மியூர் வரை பஸ்ஸில் போய்ப் பறக்கும் ரயிலில் மாறு என்று சொல்லியிருப்பேன். கிண்டிக்கு அது சுற்று.

உனக்குச் சரியான வழி செங்கல்பட்டு. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே போவது ஆரம்பத்தில் அபத்தமாகத் தோன்றும். பூஞ்சேரியிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு ஸ்டேஷன் சுமார் 30 கிலோமீட்டர். பைக்கில் 50 நிமிடம் வைத்துக்கொள். திருக்கழுக்குன்றத்தில் தேரடியைச் சுற்றி ரோடு குறுகல். எதிரெதிரே இரண்டு பஸ் வந்தால் ஐந்து நிமிடம் போச்சு. ஸ்டேஷனில் வண்டியை விட மாதச் சீட்டு போட்டுக்கொள், கூரை உள்ள பக்கமாகக் கேள். அங்கிருந்து கிண்டி ஏறக்குறைய ஒரு மணி பத்து நிமிடம். காலை ஆறுக்கு வீட்டை விட்டால் எட்டே காலுக்குக் கிண்டியில் இறங்கலாம். ஈசிஆரில் பைக்கில் வந்தாலும் நெரிசல் நேரத்தில் இதைவிடப் பெரிதாக மிச்சம் பிடிக்க மாட்டாய். ரயிலில் கைகள் சும்மா இருக்கும், தூங்கலாம்.

ரயிலில் சில நுணுக்கங்கள் உண்டு. காஞ்சிபுரம், திருமால்பூர் பக்கமிருந்து வரும் வண்டி ஏற்கெனவே பாதி நிரம்பியிருக்கும். செங்கல்பட்டிலேயே புறப்படுகிற வண்டியாகப் பார்த்து ஏறு. அதற்காகப் பத்து நிமிடம் காத்திருந்தாலும் தகும். மறைமலைநகரில் தொழிற்சாலை ஆட்கள் இறங்குவார்கள், ‘அப்பாடா’ என்று இருக்கும். அடுத்து கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கத்தில் ஏறுகிற கூட்டம் அதைப் போல மூன்று மடங்கு. அதன்பின் உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான், நின்றவன் நின்றவன்தான். மீனம்பாக்கம் தாண்டியதும் எழுந்து கதவுப் பக்கம் நகர ஆரம்பி. பரங்கிமலையில் எழுந்தால் கிண்டியில் இறங்க முடியாமல் சைதாப்பேட்டைக்குப் போய்ச் சேருவாய். வேக வண்டி என்றால் கிண்டியில் நிற்குமா என்று பார்த்து ஏறு.

திரும்பும்போது எல்லாரும் செய்கிற தவறு ஒன்று இருக்கிறது. கிண்டியில் முதலில் வருகிற தாம்பரம் வண்டியில் ஏறி, தாம்பரத்தில் இறங்கி, செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருப்பார்கள். தாம்பரம் பிளாட்பாரத்தில் அதேபோல் வந்து குவிந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே வண்டிக்குள் பாய்வார்கள். கிண்டியிலேயே நின்று செங்கல்பட்டு வண்டியில் நேராக ஏறு. தாம்பரம் வரை தொங்காத குறையாக நிற்பாய். அங்கே பாதிப் பேர் இறங்கும்போது நீ ஏற்கெனவே உள்ளே இருப்பாய், ஸீட் உனக்கு. 2025 ஏப்ரலிலிருந்து சென்னைக் கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் ஏசி லோக்கலும் ஓடுகிறது. வண்டிகள் குறைவு, கட்டணம் அதிகம். உன் நேரத்துக்கு ஒத்துவந்தால் பார்.

சீசன் டிக்கெட் எடு. மாதம் 13 நாள் போனாலும் தனித்தனி டிக்கெட்டைவிட அதுதான் லாபம். மூன்று மாதச் சீசனுக்கு 2.7 மாதக் கட்டணம்தான், ஆறு மாதத்துக்கு 5.4. முதல் தடவை ஒரு மாதத்துக்கு மட்டும் எடு, மனசு மாறினால் நஷ்டம் வேண்டாம். பைக் ஓட்டம் 780 கிலோமீட்டராகச் சுருங்கும், பெட்ரோல் 16 லிட்டருக்குள் அடங்கும்.

இடையில் வண்டலூர் வழியை யாராவது சொல்வார்கள். கேளம்பாக்கம் வழியாக 40 கிலோமீட்டர் பைக் ஓட்டி, நின்றுகொண்டு ரயிலில் போவதில் கால் மணி நேரம் மிஞ்சலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. செங்கல்பட்டு ரயில் ரத்தாகிற நாளுக்கு மாற்றுவழியாக மட்டும் தெரிந்து வைத்துக்கொள். தண்டவாளப் பராமரிப்புக்கு வண்டியை நிறுத்துகிற நாள்களை முன்கூட்டியே அறிவிப்பார்கள்.

மழைக்காலம் தனிக்கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் ஓஎம்ஆரில் தண்ணீர் நிற்கும். ஈசிஆரில் பெரும்பாலும் நிற்காது. ஈசிஆர் கடலோர மணல்மேட்டில் போகிறது, தண்ணீர் இறங்கிவிடும். ஓஎம்ஆர் பக்கிங்காம் கால்வாய்க்கு மேற்கே, தாழ்ந்த பக்கம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாக ஓஎம்ஆரைக் குறுக்கே கடந்துதான் கால்வாய்க்கு வர வேண்டும். முட்டுக்காடு முகத்துவாரம் மணலால் அடைத்திருந்தால் கடலுக்கும் போகாது, பின்வாங்கி நிற்கும். செம்மஞ்சேரி, சோழிங்கநல்லூர் மூழ்குவது இதனால்தான். தங்கச்சி அந்தப் பகுதிக்கு இப்பாலேயே நின்றுவிடுவதால் பெரும்பாலும் தப்பிப்பாள். புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் இரண்டு பேரும் கிளம்பாதீர்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் இந்த ஊர் பக்கமாகத்தான் கரையேறியது. காற்று நின்ற பிறகும் மரமும் மின்கம்பியும் ரோட்டில் கிடக்கும்.

மனிதர்களால் வரும் நெரிசலும் உண்டு. காணும் பொங்கல், டிசம்பர் 25 முதல் புத்தாண்டு வரை, அப்புறம் எல்லா ஞாயிறு மாலையும் ஈசிஆர் பக்கம் தலைவைக்காதே. மாசி மகத்துக்கு இருளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து கடற்கரையில் தங்குவார்கள். அன்று மட்டும் நெரிசலைப் பற்றிப் புலம்பாமல் நீயும் இறங்கிப் போய்ப் பார்.

அடுத்தது உப்பு. வீட்டு வாடகை பேசும்போது யாரும் சொல்லாத செலவு இது. பைக்குக்கு வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவல், செயினுக்கு லூப் (எண்ணெய் ஸ்ப்ரே). மாலை வந்ததும், செயின் சூடாக இருக்கும்போதே, இன்ஜினை அணைத்துவிட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டு உள்பக்கமாக அடி. இன்ஜின் ஓட அடித்தால் விரல் போகும். ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் மிகுந்ததைத் துடைத்துவிடு, இல்லாவிட்டால் மணல் ஒட்டி ஸ்ப்ராக்கெட்டை அரைத்துவிடும். பேட்டரி முனையில் பச்சையாகவும் வெள்ளையாகவும் பூத்திருந்தால் முதலில் நெகடிவைக் கழற்று, ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்பசோடா கலந்து பழைய பிரஷ்ஷால் தேய், காயவைத்து மாட்டி வாஸ்லின் தடவு. நெகடிவைக் கடைசியில் மாட்டு.

டிஸ்க் பிரேக்கில் காலையில் ஆரஞ்சுப் படலம் தெரியும். இரண்டு மூன்று தடவை பிரேக் பிடித்தால் போய்விடும், அதற்குப் பயப்படாதே. காலிப்பர் நகர்கிற பின்களைத்தான் கவனிக்க வேண்டும். ரப்பர் உறை கிழிந்து உப்பு உள்ளே போனால் பின் இறுகும், காலிப்பர் நகராது, ஒரு பக்கத்துப் பேட் மட்டும் தேய்ந்து இரும்புக்கு வந்துவிடும். மறுபக்கத்துப் பேடைப் பார்த்த மெக்கானிக் ‘இன்னும் நிறைய இருக்கு சார்’ என்பார். இரண்டு பக்கமும் பார்க்கச் சொல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பின்னைக் கழற்றிச் சிலிக்கோன் பிரேக் கிரீஸ் போடச் சொல். சாதா கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிவிடும்.

அதனால்தான் சொல்கிறேன், ஒத்தவாடைத் தெரு பக்கம் கடல் தெரிகிற மாடி வீட்டுக்கு ஆசைப்படாதே. வாடகை சுற்றுலாக்காரர்களுக்கான வாடகை. ஏசியின் வெளிப்பெட்டியும் ஜன்னல் கம்பியும் சீக்கிரமே அரிக்கும். பூஞ்சேரி பக்கம் பார். ஓஎம்ஆரும் திருக்கழுக்குன்றம் ரோடும் அங்கேதான் பிரிகின்றன, இரண்டு பேருக்குமே தினம் சில நிமிடம் மிச்சம். போர்வெல் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு வாடகை பேசு. சின்னவனைப் பள்ளி மாற்றுவதானால் இந்த வருடமே மாற்று, பத்தாம் வகுப்பில் வேண்டாம்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு ஞாயிறு மாலை பைக்கோடு இங்கே வந்து தங்கு. திங்கள் காலை செங்கல்பட்டு வழியாக வேலைக்குப் போ, மாலை அதே வழியில் திரும்பி வா. செவ்வாயும் அப்படியே. செவ்வாய் இரவு இட்லி சாப்பிட்டுக்கொண்டே முடிவைச் சொல்.

தங்கச்சியையும் அம்மாவையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சேகர்

பி.கு.: ரெயின்கோட் மேலும் கீழும் தனித்தனியாக உள்ளதாக வாங்கு. ஆபீஸ் ஷூவை ஆபீஸிலேயே வைத்துவிட்டுச் செருப்பில் வா.